சாமிக் காட்டைக் காத்தவர்கள்

தளேகாவுக்கு மேற்கே

மகாராஷ்டிர மாநிலத்தில் புனே ஒரு பெரிய நகரம். புனேயிலிருந்து மும்பைக்கு ரயில் போகிறது. அந்த ரயில் பாதையில் தளேகாவ் என்ற ஊர் இருக்கிறது. இது மாவல் தாலுகாவைச் சேர்ந்த ஊர். இங்கே தொழிற்சாலைகள் நிறைய உண்டு. பல மாநிலத்து மக்கள் இங்கே வந்து வேலை செய்கிறார்கள். தமிழ் பேசுபவர்களும் இருக்கிறார்கள்.

தளேகாவில் நின்று மேற்கே பாருங்கள். மலைகள் வரிசையாகத் தெரியும். அவைதான் சஹ்யாத்ரி மலைகள். நாம் மேற்குத் தொடர்ச்சி மலை என்று சொல்கிறோமே, அதே மலைதான். நம் நீலகிரியும் பொதிகையும் இந்த மலைத் தொடரைச் சேர்ந்தவையே.

மழைக்காலத்தில் இந்த மலைகளில் கொட்டோ கொட்டென்று மழை கொட்டும். ஜூன் மாதம் தொடங்கும் மழை செப்டம்பர் வரை பெய்யும். அப்போது பார்த்த இடமெல்லாம் பச்சை. பிறகு கோடை வரும். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் பல மலைகள் மொட்டையாக, காய்ந்து கிடக்கும். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடி நடப்பார்கள்.

அந்த மொட்டை மலைகளுக்கு நடுவே அங்கங்கே ஒரு திட்டுக் காடு தெரியும். சுற்றிலும் புல் காய்ந்திருக்கும். அந்த ஒரு திட்டு மட்டும் கரும்பச்சையாக இருக்கும். அதற்குள்ளே ஓர் ஊற்றில் தண்ணீர் இருக்கும்.

அந்தத் திட்டு மட்டும் எப்படித் தப்பியது? அதை யார் காத்தார்கள்? அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

தேவராய் என்றால் என்ன?

அந்தத் திட்டுக் காட்டின் பெயர் தேவராய். இது மராத்திச் சொல். 'தேவ்' என்றால் கடவுள். 'ராய்' என்றால் தோப்பு, அடர்ந்த காடு. தேவராய் என்றால் கடவுளின் காடு. நம் ஊரில் கோயில்காடு என்கிறோம் அல்லவா? அதுதான் இது.

புனே மாவட்டத்தில் மாவல், முள்ஷி, ஆம்பேகாவ், ஜுன்னர் போன்ற தாலுகாக்களின் மலை ஊர்களில் தேவராய்கள் இருக்கின்றன. மகாராஷ்டிரம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேவராய்கள் உண்டு. சில காடுகள் நாலைந்து மரங்கள் அளவே இருக்கும். சில பல ஏக்கர் இருக்கும்.

இந்த மலைகளில் மகாதேவ் கோளி என்ற ஆதிவாசி மக்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். தாக்கர், காத்கரி என்ற ஆதிவாசி மக்களும் வாழ்கிறார்கள். நெல்லும் கேழ்வரகும் பயிர் செய்கிறார்கள். காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்கிறார்கள். கடுக்காயை அவர்கள் 'ஹிர்டா' என்று சொல்வார்கள். இவர்களும் மலையில் வாழும் பிற உழவர்களும் சேர்ந்துதான் தேவராய்களைக் காத்து வந்தார்கள்.

காட்டுக்குள் பெரிய கோபுரம் எதுவும் இருக்காது. ஒரு கல் நட்டிருப்பார்கள். அதில் செந்தூரம் பூசியிருப்பார்கள். அதுதான் சாமி. சில இடத்தில் பைரவநாதர். சில இடத்தில் காள்காயி, வாக்ஜாயி போன்ற அம்மன்கள். சில இடத்தில் வாகோபா. வாகோபா என்றால் புலிச்சாமி. கல்லிலோ மரத்திலோ புலி உருவம் செதுக்கி வைத்திருப்பார்கள். பல இடங்களில் சாமிக்குக் கூரையே கிடையாது. மரம்தான் கூரை.

காட்டின் சட்டம்

தேவராய்க்கு என்று ஊரில் கட்டுப்பாடு உண்டு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பாட்டன் மகனுக்குச் சொன்னான். மகன் பேரனுக்குச் சொன்னான்.

மரத்தை வெட்டக் கூடாது.
கிளையை ஒடிக்கக் கூடாது.
விழுந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.
வேட்டை ஆடக் கூடாது.

ஒவ்வோர் ஊரிலும் கட்டுப்பாடு கொஞ்சம் மாறும். சில ஊரில் விழுந்த பழத்தை எடுக்கலாம். சில ஊரில் மருந்துக்கு மட்டும் பட்டை எடுக்கலாம். அதுவும் சாமியைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஊரில் பொதுக் காரியம் வந்தால் ஊர் கூடிப் பேசி ஒரு மரம் எடுப்பதும் உண்டு. தனி ஆள் யாரும் தொட முடியாது.

கட்டுப்பாட்டை மீறினால் சாமி தண்டிக்கும் என்று பயந்தார்கள். ஊரும் தண்டித்தது.

எல்லாப் பழக்கமும் நல்ல பழக்கம் என்று சொல்லிவிட முடியாது. சில தேவராய்களில் பெண்கள் நுழையக் கூடாது என்று தடை இருந்தது. இதை இன்று பல ஊர்களில் கேள்வி கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். காட்டைக் காக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். ஆளை ஒதுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

காட்டுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு தேவராய்க்குள் நுழைந்து பார்ப்போம்.

வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே குளிர்ச்சி. கால் வைத்தால் மெத்தென்று இருக்கும். பல வருடத்து இலைச் சருகு மக்கிக் கிடக்கிறது. இந்தச் சருகுதான் பெரிய செல்வம். எப்படி?

மொட்டை மலையில் மழை பெய்தால் என்ன ஆகும்? தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும். காட்டில் மழை பெய்தால் முதலில் இலையில் விழும். பிறகு கிளையில் இறங்கும். பிறகு சருகில் விழும். சருகும் மண்ணும் பஞ்சு போலத் தண்ணீரைக் குடிக்கும். வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். குடித்த தண்ணீர் பூமிக்குள் மெல்ல இறங்கும். மழை நின்ற பிறகும் அது ஊற்றாகக் கசிந்து வரும். அதனால்தான் பல தேவராய்களின் உள்ளேயோ பக்கத்திலேயோ ஊற்று இருக்கிறது.

இங்கே பெரிய பெரிய கொடிகள் உண்டு. காரம்பி என்று ஒரு கொடி. மரத்துக்கு மரம் தாவிப் படரும். கொடியின் தண்டே ஆள் தொடை அளவு பருத்திருக்கும். அதன் காய் ஒரு முழத்துக்கும் அதிக நீளம். சுற்று வட்டாரத்தில் வேறு எங்கும் இல்லாத சில மரங்களும் செடிகளும் தேவராயில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

மலை அணிலும் இங்கே வாழும். மராத்தியில் இதற்கு 'ஷேக்ரு' என்று பெயர். இதுதான் மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கு. சாதாரண அணிலைவிடப் பல மடங்கு பெரியது. இது தரையில் இறங்குவது அரிது. மரம் விட்டு மரம் தாவும். மரங்கள் நெருக்கமாக இருந்தால்தான் இது பிழைக்கும்.

ஆம்பேகாவ் தாலுகாவில் ஆஹுபே என்று ஒரு மலை ஊர். அங்கே மகாதேவ் கோளி மக்கள் வாழ்கிறார்கள். பைரவநாதரின் தேவராய் ஒன்று அங்கே இருக்கிறது. பக்கத்தில் பீமாசங்கர் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு அரசு பீமாசங்கர்க் காட்டை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. அந்தப் பகுதியில் மலை அணில் பிழைத்திருந்ததற்கு ஊர் மக்கள் காத்து வைத்த தேவராய்களும் ஒரு காரணம். அரசு அறிவிக்கும் முன்பே மக்கள் காத்து வைத்திருந்தார்கள்.

பீமா ஆறு பீமாசங்கரில்தான் பிறக்கிறது. தளேகாவ் பக்கம் ஓடும் இந்திராயணி ஆறு பிறகு பீமா ஆற்றில்தான் சேர்கிறது. பீமா ஆறு கிருஷ்ணா ஆற்றில் சேர்கிறது. கிருஷ்ணா கடலுக்குப் போகிறது. மலை மேலே ஓர் ஊர் காக்கும் காட்டால் கீழே எத்தனையோ ஊர்களுக்குத் தண்ணீர் கிடைக்கிறது.

காடு ஏன் குறைந்தது?

தேவராய்கள் முன்பு இன்னும் அதிகமாக இருந்தன. பல அழிந்துவிட்டன. காரணம் ஒன்று அல்ல.

முதல் காரணம், காடு யாருடையது என்ற கேள்வி. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1878ஆம் ஆண்டு ஒரு வனச் சட்டம் வந்தது. பல காடுகள் அரசுச் சொத்து ஆயின. ரயில் பாதைக்கும் கட்டடத்துக்கும் மரம் வெட்டினார்கள். காடு தங்களுடையது இல்லை என்று ஆனதும், ஊர்க் கட்டுப்பாடு பல இடங்களில் தளர்ந்தது.

இரண்டாவது காரணம், பணம். மலைக்குச் சாலை வந்தது. அணைகள் வந்தன. பலர் நிலத்தை இழந்தார்கள். சாலையோடு கரி வியாபாரிகளும் மர வியாபாரிகளும் வந்தார்கள். வறுமையில் இருந்த மக்கள் மரத்தை மலிவு விலைக்கு விற்றார்கள். பிறகு நகரம் வளர்ந்தது. மலையில் பங்களாவும் தங்கும் விடுதியும் வந்தன. நிலத்தின் விலை ஏறியது.

மூன்றாவது காரணம், கோயில். இது கேட்க ஆச்சரியமாக இருக்கும். ஆனால் உண்மை. மரத்தடியில் இருந்த சாமிக்குப் பெரிய கோயில் கட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. அதற்குப் பணம் வேண்டும். பணத்துக்காகக் காட்டு மரத்தை விற்றார்கள். பிறகு வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் வெட்டினார்கள். கோயில் பெரிதானது. காடு சிறிதானது.

காடு போனால் என்ன போகும்? ஊற்று போகும். மண் போகும். மருந்து போகும். 2014 ஜூலை 30ஆம் தேதி ஆம்பேகாவ் தாலுகாவில் மாளிண் என்ற ஊரின் மேல் மலை சரிந்தது. 150க்கும் மேற்பட்ட மக்கள் மண்ணுக்குள் புதைந்து இறந்தார்கள். அன்று பெய்தது பெருமழை. காடு இருந்தால் எந்தச் சரிவும் நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் சரிவான மலையில் மரமும் மண்ணும் எவ்வளவு முக்கியம் என்பதை அந்த நாள் எல்லோருக்கும் உணர்த்தியது.

ஒரு கடிதம் காத்த காடு

இது உண்மையாக நடந்த கதை.

மகாராஷ்டிரக் கடற்கரை ஓரத்தில் ஸ்ரீவர்தன் என்ற தாலுகா இருக்கிறது. அங்கே காணி என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு ஒரு தேவராய் இருந்தது. சுற்று வட்டாரத்தில் பழைய காடு என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

1970களின் தொடக்கத்தில் அந்த ஊருக்கு ஓர் ஆபத்து வந்தது. தேவராய் மரங்களை வெட்ட வனத்துறை குறித்து வைத்திருந்தது. ஊர் மக்கள் கலங்கினார்கள். காட்டிலிருந்து வரும் ஓடைதான் அவர்களுக்குத் தண்ணீர். மரம் போனால் ஓடை வற்றும் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள்.

என்ன செய்வது? சண்டை போட அவர்களிடம் பலம் இல்லை. வழக்குப் போடப் பணம் இல்லை. அவர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள்.

புனேயில் வர்த்தக் என்ற தாவர அறிஞர் இருந்தார். மாதவ் காட்கில் என்ற இளம் அறிவியலாளரும் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். இருவரும் மலை மலையாக நடந்து தேவராய்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 'எங்கள் காட்டைக் காக்க உதவுங்கள்' என்று ஊர் மக்கள் கேட்டார்கள்.

அறிஞர்கள் நேரில் போனார்கள். காட்டைப் பார்த்தார்கள். ஓடையைப் பார்த்தார்கள். மக்கள் சொல்வது சரி என்று கண்டார்கள். வனத்துறையிடம் எடுத்துச் சொன்னார்கள். வனத்துறை வெட்டுவதைக் கைவிட்டது. காடு பிழைத்தது.

இந்தக் கதையில் மக்களுக்கு இருந்தது அனுபவ அறிவு. அறிஞர்களுக்கு இருந்தது நூல் அறிவு. இரண்டும் ஒரு கடிதத்தால் சேர்ந்தன. எழுதத் தெரிந்த ஒரு கை ஊரின் தண்ணீரைக் காத்தது.

1975ஆம் ஆண்டு காட்கிலும் வர்த்தக்கும் இந்தியாவின் கோயில்காடுகளைக் காக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அதைப் படித்த பலர் தத்தம் பகுதிக் கோயில்காடுகளைத் தேடி ஆராயத் தொடங்கினார்கள்.

ஊர்க் கூட்டம்

ஒரு மலை ஊரில் இப்படி ஒரு கூட்டம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். கோயில் வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நகரத்திலிருந்து ஓர் ஒப்பந்தக்காரர் வந்திருக்கிறார்.

ஒப்பந்தக்காரர்: உங்கள் சாமி வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. நான் கல் கோயில் கட்டித் தருகிறேன். உங்கள் கையிலிருந்து ஒரு பைசா வேண்டாம். காட்டிலிருந்து எழுபது மரம் கொடுங்கள். போதும்.

பெரியவர்: நல்ல காரியம்தான். என் கண் மூடுவதற்குள் சாமியைக் கல் கோயிலில் பார்த்துவிட வேண்டும். எனக்கு ரொம்ப நாள் ஆசை.

இளைஞர்: தாத்தா, காட்டு மரத்தைத் தொட்டால் சாமி குத்தம் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்?

பெரியவர்: சாமிக்காக எடுத்தால் குத்தம் இல்லையப்பா.

ஓர் அம்மா: ஐயா, ஒன்று கேட்கிறேன். மே மாதம் தண்ணீர் எடுக்கப் போவது யார்? நாங்கள்தான். மற்ற ஊற்றெல்லாம் பிப்ரவரியிலேயே வற்றிவிடுகிறது. தேவராய் ஊற்று ஒன்றுதான் இருக்கிறது. மரம் போனால் அதுவும் போகும். கல் கோயிலுக்கு அபிஷேகம் செய்யத் தண்ணீருக்கு எங்கே போவது?

ஒப்பந்தக்காரர்: எழுபது மரத்தால் ஊற்று வற்றிவிடுமா அம்மா? காடு பெரிய காடு. இந்தத் தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் ரேகை வையுங்கள்.

அந்த அம்மா அறிவொளி வகுப்பில் படித்தவர். தாளைக் கையில் வாங்கினார். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். கூட்டம் அமைதியாக இருந்தது.

அம்மா: நீங்கள் வாயால் எழுபது மரம் என்று சொன்னீர்கள். இதில் 'தேவையான மரங்கள்' என்று எழுதியிருக்கிறது. எத்தனை என்று எண் போடவில்லை. எவ்வளவு நாளைக்கு என்றும் போடவில்லை.

ஒப்பந்தக்காரர்: அது எழுதும்போது விட்டுப்போயிருக்கும்.

அம்மா: விட்டுப்போனதை எழுதிக்கொண்டு வாருங்கள். அதுவரை நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியவர் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார்.

பெரியவர்: என் அப்பா காலத்திலும் இந்தச் சாமிக்குக் கூரை கிடையாது. அவர் அப்பா காலத்திலும் கிடையாது. மரம்தான் கூரை. அந்தக் கூரையைப் பிரித்து வேறு கூரை போட நான் சொல்ல மாட்டேன்.

ஊர் ஒரு முடிவு எடுத்தது. சாமியைச் சுற்றி மேடையைச் சீர் செய்வது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து உழைப்பது. மரத்தைத் தொடுவதில்லை. அதைக் கிராம சபைத் தீர்மானமாக எழுதினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பெரியவருக்குக் கல் கோயில் கிடைக்கவில்லை. அவருக்கு வருத்தம் இருந்தது. ஆனாலும் தீர்மானத்தில் முதல் கையெழுத்து அவருடையதுதான்.

சட்டம் நமக்குத் துணை

முன்பு ஊர்க் கட்டுப்பாடு மட்டும் காட்டைக் காத்தது. இன்று சட்டமும் துணை நிற்கிறது. ஆனால் கேட்டால்தான் துணை கிடைக்கும்.

1996ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. இது அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட ஆதிவாசிப் பகுதிகளுக்கு உரியது. இதைப் 'பேசா' சட்டம் என்று சொல்வார்கள். தன் மரபையும் பழக்க வழக்கத்தையும் பொதுச் செல்வத்தையும் காக்கும் தகுதி கிராம சபைக்கு உண்டு என்று இது சொல்கிறது. புனே மாவட்டத்தில் ஆம்பேகாவ், ஜுன்னர் தாலுகாக்களின் பல ஊர்கள் இந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் வந்தது. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு பல்லுயிர்க் குழு இருக்க வேண்டும். ஊரில் என்ன மரம், என்ன செடி, என்ன பறவை உண்டு என்று மக்களே ஒரு பதிவேடு எழுத வேண்டும்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தது. தாங்கள் வழிவழியாகக் காத்து வரும் பொதுக் காட்டைக் காக்கவும் வளர்க்கவும் மக்களுக்கு உரிமை உண்டு என்று இது சொல்கிறது.

2024 டிசம்பர் 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அது ராஜஸ்தான் மாநிலத்தின் கோயில்காடுகளைப் பற்றியது. அங்கே கோயில்காட்டை 'ஓரண்' என்பார்கள். அவற்றை அளந்து, கணக்கெடுத்து, பாதுகாக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நாடு முழுவதும் உள்ள கோயில்காடுகளுக்கு ஒரு கொள்கை வகுக்கும்படி மத்திய அரசுக்கும் பரிந்துரை செய்தது.

மலையைக் காத்த பன்னிரண்டு ஊர்கள்

ஒடிசா மாநிலத்தில் நியமகிரி என்று ஒரு மலை. டோங்கிரியா கோண்டு என்ற ஆதிவாசி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அந்த மலைதான் அவர்களுக்குச் சாமி. 'நியம ராஜா' என்று கும்பிடுகிறார்கள்.

அந்த மலையில் பாக்சைட் என்ற தாது இருக்கிறது. அலுமினியம் செய்ய அது தேவை. அதற்காகச் சுரங்கம் தோண்டத் திட்டம் போட்டார்கள். மக்கள் எதிர்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

2013 ஏப்ரல் 18ஆம் தேதி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே பேசி முடிவு செய்யட்டும் என்றது. அந்த ஆண்டே 12 ஊர்களில் கிராம சபை கூடியது. நீதிபதி ஒருவர் முன்னிலையில் மக்கள் பேசினார்கள். 12 ஊர்களும் சுரங்கம் வேண்டாம் என்றே சொன்னார்கள். 2014 ஜனவரியில் மத்திய அரசு சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது.

அந்த ஊர்கள் மிகச் சிறியவை. ஆனால் அவை ஒரே குரலில் பேசின.

நம் பக்கத்தில்

தமிழ்நாட்டிலும் கோயில்காடுகள் உண்டு. ஐயனார் கோயிலைச் சுற்றிப் பாருங்கள். மண் குதிரைகள் நிற்கும். பின்னால் பழைய மரங்கள் நிற்கும். விழுப்புரம் மாவட்டக் கடற்கரைப் பக்கம் புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு பெயர் பெற்றது.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி இருக்கிறது. பாறைக் குன்றுகளும் சுனைகளும் பழைய குடைவரைக் கோயிலும் அங்கே உண்டு. 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இதுவே முதல் தலம். 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது தெரிய வந்தது. ஊர் ஊராகக் கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மக்கள் மதுரைக்குப் பேரணி போனார்கள். ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் ஊரில் கோயில்காடு இருக்கிறதா? இருந்தால் இவற்றைச் செய்யலாம்.

1. முதலில் போய்ப் பாருங்கள். எத்தனை மரம், என்னென்ன மரம் என்று எண்ணி எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊர்ப் பெரியவரைக் கேளுங்கள்.

2. அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மகாராஷ்டிரத்தில் இதற்குச் 'சாத்-பாரா' என்ற தாளைப் பார்க்க வேண்டும். சாத்-பாரா என்றால் ஏழு-பன்னிரண்டு. அந்தப் படிவங்களின் எண்கள் அவை. தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா, அடங்கல் கேட்டுப் பார்க்கலாம்.

3. காட்டின் எல்லையை ஊரோடு நடந்து குறித்துக்கொள்ளுங்கள்.

4. ஊர்க் கட்டுப்பாட்டைக் கிராம சபையில் பேசுங்கள். தீர்மானமாக எழுதுங்கள். நகல் ஒன்று வாங்கி வையுங்கள்.

5. திருவிழா நாளில் பிளாஸ்டிக் பையும் கண்ணாடிப் பாட்டிலும் காட்டுக்குள் போகாமல் பாருங்கள். அடுப்பு மூட்டினால் காட்டுக்கு வெளியே மூட்டச் சொல்லுங்கள்.

6. காலியான இடத்தில் அந்தக் காட்டு மரத்தின் விதையையே போடுங்கள். அழகுக்கு என்று வெளியூர்ச் செடி நட வேண்டாம்.

7. பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கதை சொல்லுங்கள்.

8. படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

முன்னோர் சாமிக்குப் பயந்து காட்டைக் காத்தார்கள். நமக்கு அந்தப் பக்தி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் தாகம் எல்லோருக்கும் உண்டு. ஊற்று எல்லோருக்கும் வேண்டும்.

புதிய சொற்கள்

தேவராய் – கடவுளின் காடு, கோயில்காடு
ஆதிவாசி – நெடுங்காலமாக அந்த மண்ணில் வாழும் பழங்குடி மக்கள்
ஊற்று – பூமியிலிருந்து தானே கசிந்து வரும் நீர்
கிராம சபை – ஊரின் வாக்காளர் எல்லோரும் கூடிப் பேசும் சபை
தீர்மானம் – கூடிப் பேசி எழுதிய முடிவு
சரணாலயம் – விலங்கும் பறவையும் அச்சம் இல்லாமல் வாழும் இடம்
பல்லுயிர் – பல வகை மரம், செடி, விலங்கு, பறவை, பூச்சி

படித்துப் பதில் சொல்லுங்கள்

1. தேவராய் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?
2. காட்டில் ஊற்று ஏன் வற்றுவதில்லை?
3. காணி ஊர் மக்கள் காட்டைக் காக்க என்ன செய்தார்கள்?
4. ஒப்பந்தக்காரர் வாயால் சொன்னது என்ன? தாளில் எழுதியிருந்தது என்ன?
5. நியமகிரியில் எத்தனை ஊர்களில் கிராம சபை கூடியது?

கூடிப் பேசுங்கள்

பெரியவர் கல் கோயில் வேண்டும் என்று ஆசைப்பட்டார். அது தவறா? நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எழுதிப் பாருங்கள்

உங்கள் ஊரில் காக்க வேண்டிய ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது குளமாக இருக்கலாம். தோப்பாக இருக்கலாம். ஒரே ஓர் ஆலமரமாகவும் இருக்கலாம். அதைக் காக்கச் சொல்லிப் பஞ்சாயத்துத் தலைவருக்கு ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். கீழே உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.